பள்ளத்திலிருந்து காது வரை: ஹெட்ஃபோன் ஒலியை மாற்றும் மின்மறுப்பு

ஒரே இசைத்தட்டை ஒரே ஹெட்ஃபோனில், இரண்டு வெவ்வேறு ஆம்ப்ளிஃபையர்களின் வழியே கேட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு வேறுபாட்டை உணர்வார். 1970களில் செய்யப்பட்ட பழைய ஆம்ப்ளிஃபையரில் தாழ்ந்த சுரங்கள் திரண்டு வருவதாகவும், இன்றைய சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையரில் அதே பகுதி இறுக்கமாகவும் சற்று மெலிந்தும் ஒலிப்பதாகவும் அவர் சொல்லக்கூடும். பழைய கருவிகளுக்கே உரிய இதமான ஒலி என்று இதற்குப் பெயர் சூட்டி அத்துடன் நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. அந்த அனுபவம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல வேளைகளில் அதற்குக் காரணமாக இருப்பது, பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்த ஓர் எளிய விகிதக் கணக்கு. மின்மறுப்பு என்னும் அந்தக் கருத்தை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால், எந்த ஹெட்ஃபோனை எந்த ஆம்ப்ளிஃபையருடன் சேர்ப்பது, ஏன் ஒரு கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசியைத் தாங்கிய சிறு கருவி) ஓரிடத்தில் கூர்மையாகவும் இன்னோரிடத்தில் மங்கலாகவும் ஒலிக்கிறது என்பன போன்ற பல கேள்விகளுக்கு ஒரே வழியில் விடை கிடைக்கும்.

மின்தடை என்பது மின்னோட்டத்தை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. இசைச் சமிக்ஞையோ நொடிக்கு 20 முறை முதல் 20,000 முறை வரை முன்னும் பின்னும் சென்றுவரும் மாறுமின்னோட்டம். நொடிக்கு எத்தனை முறை என்பதே அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இந்த அதிர்வெண்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. சுருள் உயர்ந்த அதிர்வெண்களை அதிகமாகத் தடுக்கும், மின்தேக்கி தாழ்ந்தவற்றை அதிகமாகத் தடுக்கும். இவ்வாறு அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும் மொத்தத் தடுப்பையே மின்மறுப்பு என்கிறோம். இதன் அலகும் ஓம்தான்.

இரண்டு கருவிகளை இணைக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் குறுகலாக இருந்தால், கீழே குழாயை மூடி வைத்திருக்கும்போது அழுத்தம் முழுதாக இருக்கும். அகலத் திறந்தவுடன் அழுத்தத்தின் பெரும்பகுதி அந்தக் குறுகிய குழாயிலேயே செலவாகிவிடும். சமிக்ஞையைத் தரும் கருவியின் உள்ளே இருக்கும் மறுப்பு அந்தக் குறுகிய குழாய். பெறும் கருவியின் மறுப்பு, கீழே எவ்வளவு திறந்திருக்கிறது என்பதன் அளவு. பெறுபவரின் மறுப்பு 300 ஓம், தருபவரின் மறுப்பு 100 ஓம் என்றால், மொத்தம் 400இல் 300 பங்கு, அதாவது முக்கால் பங்கு மின்னழுத்தம் பெறுபவரைச் சென்றடைகிறது. மீதிக் கால் பங்கு தருபவரின் உள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. கால் பங்கு குறைவதால் மட்டும் இழப்பொன்றும் இல்லை, ஒலியளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். பெறுபவரின் மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓமாகவே நிற்காமல் மாறிக்கொண்டிருக்கும்போதுதான் இசையின் நிறமே மாறுகிறது.

இந்தக் கணக்கு இசைத்தட்டிலிருந்தே தொடங்கிவிடுகிறது. கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய நிமிடத்துக்கு 33⅓ சுற்று வினைல் தட்டின் ஒரு பக்கத்தில், வெளி விளிம்பிலிருந்து உள்ளே சுருண்டு செல்வது ஒரே ஒரு பள்ளம்தான். 22 நிமிடம் ஓடும் பக்கத்தில் அதை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 450 மீட்டர் வரும். அந்தப் பள்ளத்தின் இரு சுவர்களும் தட்டின் பரப்புக்கு 45 பாகையில் சாய்ந்திருக்க, ஒரு சுவரில் இடப்பக்க ஒலியும் மறு சுவரில் வலப்பக்க ஒலியும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த திட்டத்திலேயே இந்த அமைப்பு இருந்தது; கடைகளில் ஸ்டீரியோ தட்டுகள் பரவியது 1950களின் இறுதியில்தான். அந்தச் சுவர்களின் நெளிவுகளில் மிக நுண்ணியவை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. அவற்றின்மீது வைர ஊசி தடவிச் செல்லும்போது, ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டின் மறுமுனையில் உள்ள காந்தம் அசைந்து, அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. அசையும் காந்தக் கார்ட்ரிட்ஜ் எனப்படும் இந்த வகை தருவது வெறும் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். காந்தம் அசையாமல் சுருள் அசையும் வகையில் இது இன்னும் குறைவு. ஜப்பானிய ஒலிபரப்புக் கழகத்துக்காக 1960களில் உருவாக்கப்பட்டு இன்றும் விற்பனையில் உள்ள டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட்.

அசையும் காந்தக் கார்ட்ரிட்ஜின் சமிக்ஞையைப் பெறுவதற்கென ஆம்ப்ளிஃபையரில் உள்ள ஃபோனோ உள்ளீட்டின் மறுப்பு 47,000 ஓம் என்பது நெடுங்காலமாக நிலைத்துவிட்ட வழக்கம். சுருளின் கம்பித்தடை ஆயிரம் ஓம் அளவில்தான் இருக்கும் என்பதால், மேலே சொன்ன விகிதப்படி ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் வந்து சேர்கிறது. ஆனால் இங்கே இன்னொரு நுட்பம் உண்டு, தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. கார்ட்ரிட்ஜின் சுருளும், இணைப்பு வயருக்குள்ளேயே அமைந்துவிடும் மின்தேக்கமும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன, அதாவது அந்த அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள ஒலி மிகுந்து எழுகிறது. சுருளின் தூண்டல் 500 மில்லிஹென்றி, வயரும் உள்ளீடும் சேர்ந்த மின்தேக்கம் 200 பிகோஃபாரட் என்றால், இந்த ஒத்ததிர்வு 16,000 ஹெர்ட்ஸ் அருகே நிகழும். நீளமான வயரைப் போட்டு மின்தேக்கத்தை 450 பிகோஃபாரடாக உயர்த்திவிட்டால் அது 10,600 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, காது எளிதில் உணரும் பகுதிக்கு வந்துவிடும். ஜால்ரா ஒலியும் வயலின் வில்லின் உரசலும் கூர்மைப்பட்டு, அதற்கு மேலுள்ள பகுதி மங்கிப்போகும். வயரை மாற்றியதால் ஒலி மாறியது என்று ஒருவர் சொன்னால், டர்ன்டேபிளைப் பொறுத்தவரை அதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

இந்தச் சமிக்ஞையைப் பெற்றுப் பெருக்கும் ஃபோனோ பகுதிக்கு இன்னொரு கடமையும் உண்டு. தாழ்ந்த சுரங்களை அவற்றின் இயல்பான வலிமையிலேயே வெட்டினால் பள்ளம் மிக அகலமாகி, தட்டில் சில நிமிட இசைக்கே இடம் போதாமல் போகும். எனவே வெட்டும்போது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இசைக்கும்போது ஃபோனோ பகுதி இதைத் தலைகீழாகச் செய்து சமன்படுத்துகிறது. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ வளைவு என்ற ஒரே முறை இதற்குப் பொதுவானது. அதன்படி 20 ஹெர்ட்ஸ் ஒலி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 19 டெசிபெல் (ஒலியளவின் அலகு) உயர்த்தப்படுகிறது. 20,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ அதே அளவு தாழ்த்தப்படுகிறது. டர்ன்டேபிளைச் சாதாரண உள்ளீட்டில் செருகினால் ஒலி சன்னமாகவும் கீச்சென்றும் கேட்பது இதனால்தான்.

1970களின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களும், வானொலியும் சேர்ந்த ஆம்ப்ளிஃபையர்களான ரிசீவர்களும் இன்றைய இசைத்தட்டு விரும்பிகளுக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கின்றன என்பதற்கு இங்கேயே ஒரு காரணம் கிடைக்கிறது. அக்காலத்தில் இசைத்தட்டுதான் வீட்டு இசையின் முதன்மை மூலம். ஆகவே 1971இல் வந்த மரான்ட்ஸ் 2270 போன்ற ரிசீவர்களில் ஃபோனோ பகுதி ஒப்புக்குச் சேர்க்கப்பட்ட ஒன்றாக இல்லாமல், மிகுந்த கவனத்துடன் அமைக்கப்பட்டிருந்தது. கையில் பிடிக்கும்போதே கனம் உணர்த்தும் குமிழ்களும், மங்கிய நீல ஒளியில் தெரியும் அலைவரிசைப் பட்டையும் தரும் மகிழ்ச்சியையும் நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

ஆனால் இந்தக் கருவிகளின் முகப்பில் உள்ள ஹெட்ஃபோன் ஜாக்குக்கெனத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் உள்ளே இருப்பது அரிது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் அதே வெளியீட்டை எடுத்து, பக்கத்துக்கு ஒரு மின்தடையைத் தொடராக இணைத்து ஜாக்குக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். சில நூறு ஓம் அளவுள்ள இந்த மின்தடை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 40 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் முழுத் திறனில் தருவது சுமார் 18 வோல்ட். இதை நேரடியாக 32 ஓம் ஹெட்ஃபோனுக்குக் கொடுத்தால் 10 வாட் பாய்ந்து, முடியிழை போன்ற அதன் சுருள் கருகிவிடும். அதற்கு முன்பே கேட்பவரின் காது பாழாகியிருக்கும். இடையில் 330 ஓம் மின்தடை இருந்தால் ஹெட்ஃபோனை அடைவது 1.6 வோல்ட், அதாவது ஏறத்தாழ 80 மில்லிவாட்தான். அதே ஜாக்கில் 300 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால் அதற்கு 8.5 வோல்ட் கிடைக்கும். குறைந்த ஓம் கொண்டதற்குக் குறைவாகவும், அதிக ஓம் கொண்டதற்கு அதிகமாகவும் தானே பகிர்ந்து கொடுக்கும் இந்த ஒற்றை மின்தடை, மலிவானதும் பாதுகாப்பானதுமான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அக்கால ஹெட்ஃபோன்களோடு இது ஓரளவு பொருந்தியும் போனது. 1968இல் வந்த ஜென்ஹைசரின் திறந்த வகை ஹெட்ஃபோன் எச்டி 414இன் மறுப்பு 2,000 ஓம். அதன் முன் 330 ஓம் பெரிய தொகையே இல்லை. 1996இல் வெளியான ஐஇசி 61938 என்ற பன்னாட்டு நியமம்கூட ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு 120 ஓம் மறுப்பைப் பரிந்துரைத்தது.

இனி ஹெட்ஃபோனின் பக்கம் வருவோம்; வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான ஹெட்ஃபோன்கள் சுருள் அசையும் வகையைச் சேர்ந்தவை. மெல்லிய சவ்வில் ஒட்டப்பட்ட சுருள் ஒரு காந்தப்புலத்தில் நிற்கிறது. மின்னோட்டம் பாய்ந்தால் அசைகிறது. அதே சமயம் காந்தப்புலத்தில் அசையும் எந்தச் சுருளும் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்பதால், ஹெட்ஃபோன் ஒலி எழுப்பும்போதே, வரும் சமிக்ஞைக்கு எதிரான ஒரு மின்னழுத்தத்தையும் உண்டாக்குகிறது. ஒவ்வொரு சவ்வுக்கும் அது மிக எளிதாக ஊசலாடும் ஓர் அதிர்வெண் உண்டு. அந்த இடத்தில் எதிர்மின்னழுத்தம் மிகப் பெரிதாகி, சுருள் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மறுப்பு திடீரென்று உயர்ந்ததுபோல் தெரிகிறது. ஆகவே பெட்டியில் 300 ஓம் என்று அச்சிடப்பட்டிருக்கும் ஜென்ஹைசர் எச்டி 600இன் மறுப்பு, 100 ஹெர்ட்ஸ் அருகே 500 ஓமையும் தாண்டுகிறது.

இப்போது முதலில் கண்ட விகிதத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். வெளியீட்டு மறுப்பு, அதாவது தருபவரின் உள்ளே இருக்கும் மறுப்பு, 2 ஓம் மட்டுமே உள்ள நவீன ஆம்ப்ளிஃபையரில் 300 ஓம் பகுதிக்கும் 500 ஓம் பகுதிக்கும் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. 330 ஓம் மின்தடை உள்ள பழைய ஜாக்கிலோ, 300 ஓமுக்கு 630இல் 300 பங்கு, அதாவது 48 விழுக்காடு கிடைக்க, 500 ஓமுக்கு 830இல் 500 பங்கு, அதாவது 60 விழுக்காடு கிடைக்கிறது. இதை டெசிபெலில் சொன்னால், 100 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதி மற்றவற்றைவிட 2 டெசிபெல் உயர்ந்து நிற்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் பாஸ் கிட்டாரும் வாழும் பகுதி அது. தாழ்ந்த சுரங்கள் திரண்டு வருவதாக முதலில் சொன்ன உணர்வுக்குப் பின்னால் இருப்பது இந்த 2 டெசிபெல்தான். எச்டி 600 போன்ற சமனான ஹெட்ஃபோனில் இது எனக்கு இனிமையாகவே படுகிறது. இதைக் குறை என்று சொல்ல மனம் வருவதில்லை.

குறைந்த மறுப்புள்ள ஹெட்ஃபோனில் கதை வேறு. 32 ஓம் என்று குறிக்கப்பட்டு, ஒத்ததிர்வில் 64 ஓமுக்கு உயரும் ஒரு ஹெட்ஃபோனை அதே ஜாக்கில் செருகினால் வேறுபாடு 5 டெசிபெலைத் தாண்டும். நான் முதன்முதலில் ஒரு பழைய ரிசீவரில் இத்தகைய ஹெட்ஃபோனைக் கேட்டபோது, பாஸ் ஒவ்வொரு மீட்டலுக்குப் பின்னும் உடனே அடங்காமல் இழுபட்டுக்கொண்டே இருந்தது. ஊசியில்தான் கோளாறு என்று எண்ணி ஊசியையே மாற்றினேன். இழுபட்டதற்குக் காரணம் இருந்தது. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மறுப்பு சிறிதாக இருந்தால், ஹெட்ஃபோன் உண்டாக்கும் எதிர்மின்னழுத்தம் அதன் வழியே சுற்றி ஓடி, சவ்வுக்குத் தடுப்பானாக வேலை செய்து அதை உடனே நிறுத்திவிடும். இடையில் பெரிய மின்தடை நின்றால் அந்தத் தடுப்பு பலவீனப்பட்டு, சமிக்ஞை நின்ற பிறகும் சவ்வு சற்று ஊசலாடும். ஹெட்ஃபோனின் மறுப்பு ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மறுப்பைப் போல் குறைந்தது 8 மடங்கு இருக்க வேண்டும் என்று இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்கள் சொல்லும் விதி இதிலிருந்து வந்ததே.

இந்த விதி எல்லா ஹெட்ஃபோன்களுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. தட்டையான சவ்வின் மேலேயே கடத்திப் பாதை பதிக்கப்பட்ட பிளானர் காந்த வகையில் மறுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். எனவே பழைய ஜாக்கின் மின்தடை அவற்றின் ஒலியளவைக் குறைக்குமே தவிர நிறத்தை மாற்றாது. சில பிளானர் ஹெட்ஃபோன்களுக்கு வேண்டியிருப்பது மின்னோட்டம். எச்டி 650 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோன் 110 டெசிபெல் உச்சத்தைத் தொட 2.2 வோல்ட் வேண்டும்; அதற்குச் செலவாவது 17 மில்லிவாட்டும் மிகச் சிறிய மின்னோட்டமும்தான். ஹைஃபைமேன் எச்இ-6 என்ற 50 ஓம் பிளானர் ஹெட்ஃபோன் அதே உச்சத்தைத் தொட ஏறத்தாழ 450 மில்லிவாட்டும் 95 மில்லிஆம்பியரும் கேட்கும். ஓம் எண் சிறியது என்பதால் எளிதில் இயங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு ஒலி எழும் என்று காட்டும் உணர்திறன் எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றியும் ஒரு சொல். வெளியீட்டு மின்மாற்றி இல்லாமல் வால்விலிருந்து நேரடியாக ஹெட்ஃபோனை இயக்கும் அமைப்புகளின் வெளியீட்டு மறுப்பு இயல்பாகவே அதிகம். 300, 600 ஓம் ஹெட்ஃபோன்களுக்கே அவை ஏற்றவை. மின்மாற்றி உள்ள ஒலிபெருக்கி வால்வு ஆம்ப்ளிஃபையரையோ, வெளியீட்டில் எதையும் இணைக்காமல் சமிக்ஞை கொடுத்து ஒருபோதும் இயக்கக் கூடாது. மின்மாற்றியில் எழும் உயர் மின்னழுத்தம் அதன் காப்பையே எரித்துவிடக்கூடும். அவற்றின் உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை ஓடும், அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும் என்பதால், மூடியைத் திறக்கும் வேலையைப் பயிற்சி உள்ளவரிடமே விடுங்கள். 50 ஆண்டு பழைய டிரான்சிஸ்டர் கருவியை வாங்கினாலும் முதல் வேலை, பின்புறத்தில் உள்ள மின்னழுத்தத் தெரிவு உங்கள் வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது வேலை, உலர்ந்துபோன மின்பகு மின்தேக்கிகளைச் சோதிக்கவைப்பது. இதில் சிக்கனம் பார்ப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஒலியளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே 110 டெசிபெல் என்றது இசையின் கணநேர உச்சங்களுக்கான இடம். தொடர்ந்து கேட்பதற்கான அளவு அல்ல. பெரியவர்களுக்கு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகிறது.

உங்கள் பழைய ஆம்ப்ளிஃபையரின் ஜாக்கில் எத்தனை ஓம் இருக்கிறது என்பதை மூடியைத் திறக்காமலேயே அளந்துவிடலாம். 100 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுர ஒலியை இசைக்கவிட்டு, ஹெட்ஃபோன் எதையும் இணைக்காமல், ஜாக்கின் ஒரு பக்கத்துக்கும் பொதுமுனைக்கும் இடையே மல்டிமீட்டரில் மாறுமின்னழுத்தம் சரியாக 1 வோல்ட் வரும்வரை ஒலியளவைக் கூட்டுங்கள். குமிழைத் தொடாமல், அதே இரு முனைகளுக்கிடையே 100 ஓம் மின்தடை ஒன்றை இணைத்து மறுபடி அளவிடுங்கள். இப்போது 0.23 வோல்ட் காட்டினால், 1ஐ 0.23ஆல் வகுத்து, வரும் 4.35இலிருந்து 1ஐக் கழித்து, மீதியை 100ஆல் பெருக்கினால் 335 ஓம் கிடைக்கிறது; உள்ளே இருப்பது 330 ஓம் மின்தடை என்று தெரிந்துவிடும். அத்தகைய ஜாக்கில் பிளானர் ஹெட்ஃபோன் தன் இயல்பு மாறாமல் ஒலிக்கும். 300 அல்லது 600 ஓம் சுருள் ஹெட்ஃபோனில் தாழ்ந்த சுரங்கள் சற்றுத் திரளும். உங்களிடம் இருப்பது 32 ஓம் சுருள் ஹெட்ஃபோன் என்றால், அந்த ஜாக்கை விட்டுவிட்டு, பின்புறத்தில் டேப் பதிவுக்கென்று இருக்கும் வெளியீட்டிலிருந்து குறைந்த வெளியீட்டு மறுப்புள்ள ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையருக்கு வயர் இழுங்கள். பழைய கருவியின் ஃபோனோ பகுதி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அந்த 330 ஓம் மட்டும் இசையின் வழியிலிருந்து விலகிவிடும்.